தொலைவில்லை

‘லென்ஸ்’ என்பதை வில்லை என்றே நம் நாட்டு மாணவர் பௌதிக பாடத்திற் பயின்று வருகின்றனர். தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கமரா வில்லைக்குத் தொலைவில்லை என்று பெயர் சூட்டுவோமாயின், தமிழ் அங்கே ஒரு சிறு வேடிக்கை செய்கின்றது. தொலை, வில்லை என்று பிரித்துப் படித்தால் அது கருவியின் பெயர். தொலைவு, இல்லை என்று பிரித்துப் படித்தால் அது ஒரு வாக்குறுதி. கருவியை விற்பவர் இரண்டாவது பொருளையே நம் காதில் ஓதுகின்றார். வாங்குபவரும் பெரும்பாலும் அதனை நம்பியே பணத்தை எண்ணி வைக்கின்றார். அவ்வாக்குறுதி எவ்வளவுக்கு மெய், எவ்வளவுக்குப் பொய் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அண்மையில் இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். முன்னர் என்னிடம் பயின்றவர். இப்பொழுது தாமும் ஆசிரியராய் இருப்பவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து மேசைமீது விரித்தார். ஆறேழு வில்லைகளின் பெயரும் விலையும் அதில் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் மிக மலிவானதும் அவருடைய பல மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது.

“ஐயா, காட்டுயிர்களைப் படம்பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இவற்றில் எதை வாங்கலாம்?” என்று கேட்டார்.

“முதலில் நீர் எதைப் படம்பிடிக்கப் போகிறீர்?” என்றேன்.

“குளக்கரைப் பறவைகளை, ஐயா. முதலில் ஆட்காட்டி. அது முட்டையோடு இருக்கும்போது கிட்டப் போய் எடுக்க வேண்டும்.”

கிட்டப் போய் என்று அவர் சொன்னதும், கடதாசியிலிருந்த விலைகளெல்லாம் எனக்கு மறந்துபோயின. ஏன் என்பதைச் சொல்லுமுன், வில்லை செய்யும் வேலையைச் சற்று விளக்குதல் வேண்டும்.

வில்லையின் ஆற்றலை அதன் குவியத் தூரத்தால் அளக்கின்றோம். 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட படச்சட்டத்தில், 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 47 பாகை அகன்ற காட்சியைக் கொண்டுவந்து சேர்க்கும். 600 மில்லிமீற்றர் வில்லையோ 4 பாகை அளவான சிறு காட்சியை எடுத்து, அதே சட்டம் முழுவதையும் அதனால் நிரப்பும். ஆட்காட்டி சுமார் 35 சென்ரிமீற்றர் நீளமுள்ள பறவை. அது 20 மீற்றருக்கு அப்பால் நிற்கும்போது, முதல் வில்லையில் விழும் உருவம் ஒரு மில்லிமீற்றரும் இராது. வெறும் புள்ளி எனலாம். இரண்டாவதில் அது பத்தரை மில்லிமீற்றராக வளர்ந்து, சட்டத்தின் அகலத்தில் மூன்றிலொரு பங்கை எட்டும் நிலைக்கு வந்துவிடும். சிறிய வில்லையைக் கொண்டே அதே அளவான உருவத்தைப் பெற விரும்புவோன், பறவைக்கு ஒன்றேமுக்கால் மீற்றர் அருகில் செல்லுதல் வேண்டும். அதாவது, பதினெட்டு மீற்றர் நடையைத் தவிர்ப்பதற்கே நாம் இத்துணைப் பணம் கொடுக்கின்றோம்.

அந்தப் பதினெட்டு மீற்றரை நான் ஒருமுறை நடந்தே கடந்தவன். வன்னியிலுள்ள ஒரு குளத்தின் அலைகரை அது. வாங்கி ஒரு மாதமும் ஆகாத கமரா. அதில் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றே. சரளை நிலத்தில் ஒரு சிறு குழியில் நான்கு முட்டைகள் கிடந்தன. கூடென்று சொல்ல வேறொன்றும் இல்லை. நான் நெருங்க, ஆட்காட்டி வீரிட்டெழுந்தது. சிறிது நேரத்தில் அதன் துணையும் சேர்ந்துகொள்ள, இரண்டும் என் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கதறின. பறவை திரும்பி வந்து அமரும், அப்பொழுது படமெடுக்கலாம் என்று எண்ணி, முட்டைகளுக்கு அருகே கமராவுடன் குந்தியிருந்தேன். நண்பகல் வெயில். ஒரு மணிநேரம் கழிந்தும் பறவை வரவில்லை. முட்டைகளை மட்டும் இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

வெயில் கடுமையான வேளையில் ஆட்காட்டி நீருக்குச் சென்று, தன் வயிற்றிறகுகளை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விக்கும் என்பதைப் பின்னரே நூல்களிற் படித்தேன். அன்று அந்த ஒரு மணிநேரமும் முட்டைகளை வெயிலுக்குத் திறந்து வைத்திருந்தவன் நானே. மறுநாட் காலை சென்று பார்த்தபோது ஓட்டுத் துண்டுகள் மாத்திரமே எஞ்சியிருந்தன. அருகிலிருந்த மருதமரத்தில் அமர்ந்து, நான் குந்தியிருந்த இடத்தையே நோக்கிக்கொண்டிருந்த காகங்களை முதல்நாளே கண்டிருந்தேன். அவை எதற்காக அமர்ந்திருந்தன என்பது அப்பொழுது எனக்கு உறைக்கவில்லை. அப்படங்களில் முட்டைகளின் ஒவ்வொரு புள்ளியும் தெளிவாக விழுந்திருக்கின்றது. நான் அவற்றை எவருக்கும் காட்டுவதில்லை.

இத்துறையின் முன்னோடிகளுக்கும் இவ்விடர் புதிதன்று. இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியிற் பிறந்த ரிச்சர்ட் கியேட்டன், செரி கியேட்டன் என்னும் சகோதரர், 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக்கூடு ஒன்றைப் படம்பிடித்தனர். 1895இல் அவர்கள் வெளியிட்ட பிரித்தானியப் பறவைக் கூடுகள் பற்றிய நூல், இயற்கைப் படங்களாலேயே முழுவதும் அணிசெய்யப்பெற்ற முதல் நூலாகப் போற்றப்படுகின்றது. தொலைவில்லை அப்பொழுது பிறந்திருந்தது. 1891இல் தோமஸ் டால்மையர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். முன்னே குவிக்கும் வில்லைத் தொகுதியும் பின்னே விரிக்கும் வில்லைத் தொகுதியுமாக அமைத்து, குவியத் தூரத்திலும் குட்டையான குழாய்க்குள் அதன் பயனை அடக்கியதே அவர் செய்த புதுமை. ஆயினும் அக்காலத் தொலைவில்லையில் ஒளி குறைவு. அசையும் உயிரைப் பிடிக்க அது போதாது. எனவே கியேட்டன் சகோதரர் 1900இல் ஓர் எருதின் தோலைப் பாடஞ்செய்து, அதன் வயிற்றுக்குள்ளே ஒளிந்திருந்து பறவைகளைப் படம்பிடித்தனர்.

நெருங்கிச் சென்றதற்கு மனிதரே விலை கொடுத்ததும் உண்டு. 1937இல் வேல்ஸ் நாட்டில், எரிக் ஹொஸ்கிங் என்னும் புகழ்பெற்ற பறவைப் படப்பிடிப்பாளர், ஆந்தைக் கூடொன்றின் அருகே அமைத்திருந்த தம் மறைவிடத்துக்கு இரவில் மீண்டபோது, தாய் ஆந்தையின் நகம் பாய்ந்து இடக்கண்ணை இழந்தார். எஞ்சிய ஒரு கண்ணோடு பல்லாண்டுகள் அவர் அக்கலையைத் தொடர்ந்தார் என்பது அவருடைய பெருமை. ஆந்தை தன் குஞ்சைக் காத்தது என்பது அதன் நியாயம்.

தமிழர் நினைக்க வேண்டிய ஒருவரும் இவ்வரிசையில் உளர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912 - 1996) அவர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தார். ஒரு கமராவின் உடலையும் வேறொன்றின் வில்லையையும் தாமே பொருத்திக்கொண்ட பாரமான கருவிகளே அவரிடம் இருந்தன. விலையுயர்ந்த கருவி இல்லாதோர்க்கு இக்கலை இல்லை என்று மனம் சோர்பவர் அவரை எண்ணித் தேறலாம்.

இனி, இளைஞருடைய கடதாசிக்கு வருவோம். அதிலிருந்தவை பெரும்பாலும் குவியத் தூரத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் வல்ல ‘சூம்’ வில்லைகள். நிழற்படக் கமராவுக்கான முதல் சூம் வில்லை 1959இல் ஜெர்மனியில் வெளிவந்தது. அது 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை மாத்திரமே செல்லும். 2013இல் தம்ரன் நிறுவனம் 150 முதல் 600 வரை செல்லும் வில்லையை அறிவித்தது. அதன் பின்னர் வேறு நிறுவனங்களும் அவ்வழியே சென்றமையால், முன்னர் செல்வர்க்கே உரியதாயிருந்த 600 மில்லிமீற்றர், நடுத்தர வருவாயினர் சேமித்து வாங்கத்தக்க நிலைக்கு இறங்கிற்று. யானைக் கூட்டம் முழுவதையும் 150இல் எடுத்து, வில்லையைக் கழற்றாமலே ஒரு குட்டியின் முகத்தை 600இல் எடுக்கலாம். புழுதி பறக்கும் காட்டுப் பாதையில் வில்லை மாற்ற வேண்டாமென்பது பெரிய நன்மை.

ஆனால் ஒளியில் அது தோற்கும். 600 மில்லிமீற்றரில் துவார எண் 6.3 என்றால், ஒளி நுழையும் விட்டம் சுமார் 95 மில்லிமீற்றர். துவார எண் 4 உள்ள வில்லைக்கு 150 மில்லிமீற்றர் வேண்டும். பின்னது ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். அதன் பெருங்கண்ணாடியைப் பிழையறக் கடைந்தெடுக்க வேண்டியிருத்தலால் விலையோ பல மடங்காகின்றது. விலங்குகள் வெளிவருவது விடியலிலும் அந்தியிலுமே; ஒளி குறைவதும் அப்பொழுதே. மேலும், 600 மில்லிமீற்றரில் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகும். செக்கனின் அறுநூற்றிலொரு பங்குக்கு மேல் திறந்திருந்தால் படம் கலங்கும் என்பது பழைய விதி. இக்காலத்து வில்லைகளிலுள்ள அதிர்வு தணிக்கும் அமைப்பு கை நடுக்கத்தைப் பெரிதும் குறைக்கும். பறவையின் அசைவை அது நிறுத்தாது. வண்டியின் சாளரத்தில் பயறு நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் வில்லையைத் தாங்குவது, செலவற்றதும் சிறந்ததுமான உபாயம்.

இளைஞருக்கு நான் கூறியவை இவை: 2 கிலோகிராம் எடையை நெடுநேரம் தாங்க இயலுமா என்பதை, நண்பர் ஒருவரின் வில்லையை இரவல் வாங்கி ஒருநாள் சுமந்து பார்த்தே அறிதல் வேண்டும். சட்டம் ஒன்றரை மடங்கு சிறிதான கமரா உடையவர்க்கு, 400 மில்லிமீற்றரே 600க்குரிய காட்சியைத் தந்துவிடும். பழையது வாங்குவோர் வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சணம் படர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நமது ஈரக்காற்றில் அது எளிதில் பற்றும். ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு இறுக மூடிய பெட்டியில் வைப்பதே காப்பு.

இவ்வளவும் பார்த்து வாங்கினும் தொலைவு முற்றாக ஒழிந்துவிடாது. நண்பகலில் நீரேரியின் மேலெழும் கானல், எந்த உயர்ந்த வில்லையின் படத்தையும் நெளியச் செய்துவிடும். இடையிலுள்ள காற்றையும் சேர்த்தே வில்லை பெரிதாக்குகின்றது. அதற்கு மருந்து அதிகாலையில் எழுவதே. அதனினும் பெரிய குறை மனிதரிடம் உள்ளது. யால வனத்தில் சிறுத்தையொன்று தென்பட்டது என்ற செய்தி பரவியதும், நெடிய வில்லைகளை ஏந்தியோரின் வண்டிகளே ஒன்றையொன்று முந்தி அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. தூரத்தில் நிற்பதற்காக வாங்கிய கருவியை வைத்துக்கொண்டு மேலும் கிட்டச் செல்வதென்றால், கொடுத்த பணத்துக்குப் பொருள் யாது?

என் முட்டைக் கதையைக் கேட்டபின் இளைஞர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் எவ்வளவு தூரத்தில் நிற்பது, ஐயா? அதற்கு அளவென்ன?” என்றார்.

“அதன் பெயரையே எண்ணிப் பாரும். ஆள் வருவதைக் காட்டுவதால் அது ஆட்காட்டி. நீர் குளக்கட்டில் அமரும். பறவை குரலெடுத்தால் நீர் கிட்ட வந்துவிட்டீர் என்பது கருத்து, பின்னால் செல்லும். அது மௌனமாய் இரை மேயத் தொடங்கும் இடமே உமது இடம். அங்கிருந்து எத்தனை மில்லிமீற்றர் வேண்டுமோ, அத்தனையை வாங்கும். கூட்டை விட்டுவிடும்,” என்றேன்.

அவர் எழுதுகோலை எடுத்து, கடதாசியில் இரண்டு பெயர்களை அடித்துவிட்டு, அதனை முன்போலவே நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வருகின்ற விடுமுறையில் இரவல் வில்லையோடு குளக்கட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றார். நானும் உடன் செல்ல எண்ணியுள்ளேன். அந்த அலைகரைக்கு நான் போய் நெடுங்காலமாகின்றது.