மழைத்துளியின் வலிமையும் வானத்துக் கண்ணும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமாகிய படுவான்கரையில், மாரியின் முதற் பெருமழை பெய்து ஓய்ந்தபின் வாய்க்கால் ஓரமாக நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். முதல்நாள்வரை வறண்டு கிடந்த வாய்க்காலிலே செந்நிற நீர் பெருக்கெடுத்து ஓடும். அந்த நிறம் மேட்டு நிலத்துக்கு உரியது. உழவர் பல்லாண்டு பேணிய மேல்மண்ணே அவ்வாறு கரைந்து குளத்தையும் வாவியையும் நாடிச் செல்கிறது. இம்மண்ணை நிலத்திலிருந்து பெயர்ப்பது யாது? ஓடும் வெள்ளம் என்றே பலரும் விடை கூறுவர். அவ்விடை பாதி உண்மை. வெள்ளம் மண்ணைச் சுமந்து செல்லும் வண்டி. மண்ணை உடைத்து அவ்வண்டியில் ஏற்றிவிடுவது மழைத்துளி.

அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள தூறல் துளி விநாடிக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வேகத்தில் விழுகிறது. ஐந்து மில்லிமீற்றர் விட்டமுள்ள பெருந்துளியோ 9 மீற்றர் வேகத்தில் வந்து மோதுகிறது. அதன் எடை ஆயிரம் மடங்கு. அது தாக்கும் சக்தியோ ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு. துளிகளின் பருமனை அறிய அறிஞர்கள் கையாண்ட முறை நம் சமையலறைக்கு அந்நியமானதன்று. அமெரிக்க ஆய்வாளர்களான லோஸ், பார்சன்ஸ் என்போர் தட்டிலே மாவைப் பரப்பி மழையிற் காட்டினர். துளி விழுந்த இடத்தில் மா உருண்டையாயிற்று. அவ்வுருண்டைகளை உலர்த்திச் சலித்து, எவ்வகை மழையில் எவ்வளவு பெரிய துளிகள் விழுகின்றன என்பதை 1943இல் வெளியிட்டனர்.

பின்னர் விஷ்மையர், சிமித் என்னும் இருவர், மண்ணிழப்பைக் கணிக்கும் சமன்பாடு ஒன்றை வகுத்து 1965இல் கைந்நூலாக வெளிவரச் செய்தனர். மழையின் அரிப்பு வலு, மண்ணின் இயல்பு, நிலத்தின் சரிவும் அதன் நீளமும், பயிர்மூடல், பாதுகாப்பு வேலைகள் என்பனவே அதன் உறுப்புகள். அவற்றுள் மழையின் அரிப்பு வலு என்பது, மழையின் மொத்த இயக்கச் சக்தியை, அம்மழை மிக உக்கிரமாகப் பெய்த முப்பது நிமிடத்தின் செறிவாற் பெருக்கி வருவது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு நாள் 60 மில்லிமீற்றர் மழை ஆறு மணி நேரம் சீராகப் பெய்தது எனக் கொள்வோம். மற்றொரு நாள் அதே 60 மில்லிமீற்றர் ஒரே மணியிற் கொட்டித் தீர்த்தது. இன்று வழக்கிலுள்ள சூத்திரப்படி கணக்கிட்டால், முதல் மழையின் அரிப்பு வலு ஏறத்தாழ 100 அலகு. இரண்டாவதன் வலு ஏறத்தாழ 1,000 அலகு. மழையின் அளவு ஒன்றே. மண்ணுக்கு நேரும் கேடு பத்து மடங்கு.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகிறது. நாளுக்கு ஒரு முறை அளக்கப்படும் மழைமானி, இவ்விரு நாளுக்கும் 60 என்றே எழுதும். ஆதலால் மழையளவிலிருந்து அரிப்பு வலுவை ஊகித்தறிய வழிகள் தேடப்பட்டன. இலங்கையின் காலநிலை வலயங்களில் மழைக்குள்ள அரிப்பு வலுவைப் பற்றி ஜோசுவா என்னும் ஆய்வாளர் 1977இல் எழுதிய கட்டுரை இத்துறையில் முன்னோடியானது.

இன்று வானத்திலும் ஒரு கண் திறந்திருக்கிறது. மழையை அளக்கும் ராடாரை முதன்முதல் விண்வெளிக்குக் கொண்டுசென்ற செய்மதியை அமெரிக்காவும் யப்பானும் இணைந்து 1997 நவம்பரில் ஏவின. அதன் பணி 2015இல் முடிவுற்றது. அதற்கு வாரிசாக வந்த செய்மதி 2014 பெப்ரவரியில் ஏவப்பட்டது. இத்தகைய பல செய்மதிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 11 கிலோமீற்றர் சதுரக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் அரைமணிக்கொரு மழைக்கணக்கு ஆக்கப்படுகிறது. சமன்பாடு வேண்டி நிற்பதும் முப்பது நிமிடக் கணக்கே அன்றோ!

எனினும் வானத்துக் கண்ணுக்கும் மயக்கம் உண்டு. நம் வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். அதனை ஐந்தாறு கட்டங்களில் அடக்கிவிடலாம். எழுவான்கரையில் ஒரே கட்டத்துக்குள் கடலும் மணலும் வாவியும் வயலும் கலந்திருக்கும். நுண்ணலைக் கருவிகள் கடலின்மேல் மழையை ஒரு விதமாகவும் தரையின்மேல் வேறு விதமாகவும் உணர்வதால், கரையோரத்தில் அவை தடுமாறுகின்றன. மேலும், மணிக்கு 60 மில்லிமீற்றர் செறிவுள்ள மழை ஒரு கட்டத்தின் கால்பங்கில் மட்டும் பெய்தால், செய்மதிக் கணக்கு அதனைக் கட்டம் முழுதும் பரப்பி 15 என்றே காட்டும். உக்கிரம் மறைந்துவிடும், அரிப்பு வலுவும் குறைந்து தோன்றும். அக்குறைந்த எண்ணை நம்பி வரம்பும் வடிகாலும் அமைப்போமாயின், பெருமழை நம்மை ஏமாற்றிவிடும். எனவே தரையிலுள்ள மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே அவ்வெண்ணைக் கைக்கொள்ளல் வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கென்று வினவலாம். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களில் மண் படிந்தால், பெருமழையைத் தாங்கும் இடமும் சிறுபோகத்துக்குரிய நீரும் ஒருங்கே குறையும். வாவி ஆழம் குன்றினால் மீனவர் வாழ்வு தளரும். வெள்ளம் தேங்கவும் இடமிராது. 2011 ஜனவரியில் இம்மாவட்டம் வெள்ளத்தில் மிதந்ததை மறந்தவர் இலர். எந்தக் குளத்தின் நீரேந்து பரப்பில் மழையின் தாக்குதல் மிகுதி, எந்த மாதத்தில் மிகுதி என்று அறிந்தால், முதலிற் காக்கவேண்டிய இடம் எதுவென்று தெளியலாம்.

சேனைக்காக வெட்டி எரித்த நிலமும், விதைப்புக்கு உழுத மேட்டு நிலமும் போர்வையின்றிக் கிடக்கும் வேளையிலேயே மாரியின் முதல் இடிமழைகள் வந்துவிடுகின்றன. மண் காக்கும் சட்டம் இலங்கையில் 1951ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் சட்டத்தைவிட அண்மையிலிருப்பது உழவனின் கை. சமன்பாட்டின் உறுப்புகளுள் மழையின் வலுவை நம்மால் மாற்ற இயலாது. பயிர்மூடலும் பாதுகாப்பு வேலையும் நம் வசமுள்ளவை. பெருந்துளி விழுமுன் வைக்கோலோ சருகோ நிலத்தின்மேற் பரவியிருக்குமாயின், தாக்குதலை அது ஏற்றுக்கொள்ளும். மண் தன் இடத்திலேயே நிற்கும். சரிவுக்குக் குறுக்கே இட்ட வரம்பு, ஓடும் நீரின் வேகத்தைத் தணிக்கும். எப்பொழுது, எங்கே இவற்றைச் செய்யவேண்டும் என்பதையே வானத்துக் கண் நமக்குச் சொல்லக்கூடும், செய்யவேண்டியவர்கள் நாமே.