பொதுச்சுவர் வீடு வாங்கும் முன்

வடசென்னையின் கத்திவாக்கத்தில் பழைய வரிசை வீடு விலைக்கு வந்தால், டைல்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது பொதுச்சுவரைத்தான். அதில் பக்கத்து வீட்டாருக்கும் உரிமை உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் இடித்தாலோ, அதன்மேல் மாடி ஏற்றினாலோ நீதிமன்றத் தடை வரலாம். அஸ்திவாரம் தோண்டும்போது அவர் வீட்டில் விரிசல் விழுந்தால் இழப்பீடும் கேட்பார். பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் அந்தச் சுவர் யாருடையது என்று எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள். வேலை தொடங்கும் முன் அவரோடு எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்.

அடுத்து கூரை. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவேற்றும்; துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். தளத்தின் அடியில் மட்டும் புதுப்பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். பொறியாளரை அழைத்துப்போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய வீடென்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய்க் கழிவு உள்ளே வந்ததா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

விற்பவர் தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லாமல் மறைத்தால், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு அதை மோசடி என்கிறது. ஆனால் கண்ணெதிரே தெரியும் விரிசலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அரசு வீட்டுவசதி வாரியம் ஒதுக்கிய வீடுகளில் இன்னொரு ஆபத்து: "பவர் எழுதித் தருகிறேன், போதும்" என்பார்கள். போதாது. பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துவிட்டது. வாரியத்தின் கிரயப் பத்திரம் விற்பவர் பெயரில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அசல் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுகள் அனைவரின் கையெழுத்து ஆகியவை இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பணத்தை வங்கி வழியே கொடுங்கள்.

மாடி கட்டத் திட்ட அனுமதி வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வீடு வருகிறதா என்பதைத் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் கேட்டுவிட்டே விலை பேசுங்கள்.

ஏமாற்றப்பட்டால் காவல்துறையில் புகார் கொடுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.