நாற்பது நிமிடம் என்பது கடிகாரத்தின் கணக்கு

சென்னைக்கு அருகே பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில், எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஓய்வு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்குள்ள கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். "நாற்பது நிமிஷம்தானே?" என்பார்கள். கடிகாரம் காட்டும் நாற்பது நிமிடத்துக்கும் உடம்பு உழைக்கும் உழைப்புக்கும் நெடுந்தூரம். 28 மீட்டர் நீளக் களத்தில், பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற விதி பத்துப் பேரையும் ஓட்டத்திலேயே வைத்திருக்கிறது. பிரிட்டனின் பல்கலைக்கழக வீராங்கனைகளை அளந்து 2009இல் வெளியான ஆய்வில், ஓர் ஆட்டத்தில் ஒருத்தி சுமார் 650 முறை தன் அசைவை மாற்றினாள். அதாவது அவள் களத்தில் ஆடிய நேரத்தில் சராசரியாக மூன்று விநாடிக்குள் ஒரு மாற்றம். இதயத் துடிப்பு அவளது உச்ச அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் நின்றது. இத்தனைக்கும் அவர்கள் தொழில்முறை வீராங்கனைகள் அல்லர்.

ஆனாலும் உடம்பை முறிப்பது ஓட்டத்தைவிட நிறுத்தம்தான். வேகமாக வந்து சட்டென நிற்கும்போதும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் (ரீபவுண்டு) பிடிக்கத் துள்ளி இறங்கும்போதும் உடல் எடையின் பல மடங்கு விசை முழங்காலில் விழுகிறது. அங்கே உள்ள ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சை, பிறகு ஒன்பது மாதமாவது களத்துக்கு வெளியே. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே வருகிறது. பெண்ணுடம்பு பலவீனம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்வது அநியாயம். உடலமைப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் எடை தூக்கவும், முழங்கால் உள்ளே சாயாமல் மடக்கி இறங்கவும் சிறுமிகளுக்கு யார் கற்றுத் தருகிறார்கள்? அந்தப் பயிற்சி முறையாகக் கொடுக்கப்பட்ட இடங்களில் இக்காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. அதோடு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்கும் இரத்தம் குறைந்தால், அதே ஓட்டத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தைவிட வேகம் குறைவு, ஆகவே சுமையும் குறைவு என்று ஒரு வாதம் உண்டு. பந்து மட்டும்தான் சிறியது. களத்தின் நீளமும் வளையத்தின் 3.05 மீட்டர் உயரமும் இருவருக்கும் ஒன்றே. சுமையை அளக்க வேண்டியது அவரவர் உடம்பின் எல்லையை வைத்து. இன்னொரு வாதம் அனிதா பால்துரையைக் காட்டுகிறது. தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் ஆடியவர், தாயான பிறகும் களத்துக்குத் திரும்பியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது? அவர் சாதனை மகத்தானது. அதனாலேயே அது அளவுகோல் ஆகாது. இருபது வயதில் முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

ஓய்வு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. பெண்கள் கூடைப்பந்து லீகில் 2025இல் ஒவ்வோர் அணிக்கும் 44 ஆட்டங்கள். அவை சுமார் நான்கு மாதங்களில் பரவியிருந்தன. வீராங்கனைகளின் பயணத்துக்கு 2024 முதல் தனி விமானமும் உண்டு. நம் தேசியப் போட்டியோ சுமார் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. அநேகமாகத் தினமும் ஓர் ஆட்டம். ஓய்வுநாள் சேர்த்தால் அரங்க வாடகை, தங்குமிடம், வேலையிடத்து விடுப்பு எல்லாம் கூடும் என்று அமைப்பாளர்கள் சொல்வது உண்மைதான். அதற்காகக் குழு ஆட்டங்களுக்கும் காலிறுதிக்கும் நடுவே ஒரே ஒரு நாள்கூட விட முடியாது என்பதை ஏற்க முடியவில்லை. ஒரு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் பணத்தை அந்த வரவுசெலவில் யாரும் எழுதுவதில்லை. கல்லூரிப் போட்டிகளில் இன்னும் எளிது: ஒரே நாளில் இரண்டாவது ஆட்டத்தை நீக்கலாம், வெயிலில் சிமென்ட் தரையில் நடக்கும் ஆட்டங்களை மாலைக்குத் தள்ளலாம், பயிற்சிக்கு முன் கால் மணி நேரம் துள்ளி இறங்கும் முறையைப் பழக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குக் காசே வேண்டாம்.