ஓடத்துக்கு வழியா, வண்டிக்கு வழியா?

ஹந்தானை மலைச்சாரலிலே வாழும் எமக்குக் கப்பலும் தூக்குப் பாலமும் தொலைதூரத்துச் செய்திகளே. ஆயினும், கண்டியை அண்டிய புகையிரதக் கடவைகளிலே காலைவேளையில் படலை விழுந்து பஸ் வண்டிகள் வரிசையாய் நிற்பதை நாள்தோறும் காண்கின்றோம். அவ்வாறு தாமதித்து வந்த மாணவனொருவன் சென்ற தவணையில் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான். “ஐயா, ஒரு வண்டிக்காக நாங்கள் இத்தனைபேர் காத்து நிற்பது நியாயமா?” என்பது அவன் கேள்வி. “ஒரு வண்டிக்காகவேனும் காத்து நின்றாய்; ஒரு தோணிக்காக ஒரு புகையிரதமே காத்து நின்ற இடமும் உண்டு” என்றேன். அதைப் பற்றியதே இப்பேச்சு.

நீர்வழியும் தரைவழியும் ஒரே மட்டத்திலே குறுக்கிடும் இடத்தில், ஒன்று செல்லும்போது மற்றது நிற்றல் வேண்டும். இந்தச் சங்கடம் எமது கண்டி வீதிக்கே ஒரு காலத்தில் இருந்தது என்பதைப் பலர் அறியார். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் நெடுஞ்சாலை களனி கங்கையைக் கடக்குமிடத்தில், 1822 ஆம் ஆண்டளவிலே கிராண்ட்பாஸ் பகுதியில் படகுகளை வரிசையாய் நிறுத்தி, அவற்றின்மேல் பலகை பரப்பிப் பாலம் அமைத்தனர். வண்டில் மாடுகள் அதன்மேல் நடந்தன. ஆற்றுவழியே சரக்குப் படகுகள் வரும்போது பாலத்தின் ஒரு பகுதியை விலக்கி வழிவிட வேண்டியிருந்தது. கோப்பி மூடைகளுடன் மலைநாட்டிலிருந்து இறங்கிய வண்டிற்காரன் அவ்வேளையில் கரையிலே மாட்டை அவிழ்த்துவிட்டுக் குந்தியிருக்க வேண்டியதுதான். 1895 இல் விக்டோரியாப் பாலம் திறக்கப்பட்டதோடு படகுப் பாலத்தின் கதை முடிந்தது. பேராதனையிலோ, மகாவலியின் நடுவே ஒரு தூணும் ஊன்றாமல், முதிரை மரத்தால் ஒரே வளைவாக 1830களில் ஒரு பாலம் கட்டினார்கள். உயர்ந்த கரைகள் அங்கே இருந்தமையால் அது இயன்றது. தாழ்ந்த கரையுள்ள களனியின் கீழ்ப்பகுதிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

கல்கத்தாவிலும் இதே கதை பெரிய அளவில் நிகழ்ந்தது. ஹூக்ளி நதியின்மேல் 1874 இல் திறக்கப்பட்ட ஹௌரா மிதவைப் பாலத்தில் கப்பல்கள் செல்ல இருநூறு அடி அகலமான பகுதியொன்றை அகற்றி வழிவிடுவார்கள். நெடுங்காலம் இது பகலிலேயே நடைபெற்றது. நகரத்துக்கும் புகையிரத நிலையத்துக்கும் இடையே சென்ற பெருங்கூட்டம் கரையில் தேங்கியது. 1906 இல் ஓர் ஒழுங்கு செய்தார்கள். சமுத்திரக் கப்பல்கள் தவிர்ந்த ஏனைய கலங்களுக்கு இரவிலும் பாலம் திறக்கப்படலாயிற்று. புதிய இரும்போ புதிய யந்திரமோ வேண்டியிருக்கவில்லை; கடிகாரத்தைப் பார்க்கும் முறை மாறியது, அவ்வளவே. ஆம்ஸ்டர்டாம் நகரிலும் உயர்ந்த பாய்மரமுடைய படகுகள் நகரை ஊடறுத்துச் செல்வதற்கு நள்ளிரவில் அணியணியாக அனுமதிக்கப்படுகின்றன.

கடிகாரம் இத்துணை முக்கியமாவது ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். கணக்கென்றதும் வானொலியை மூடிவிட வேண்டாம்; ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஒரு பாலத்தில் நிமிடத்துக்கு முப்பது வண்டிகள் கடக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நண்பகலில் நிமிடத்துக்கு இருபது வண்டிகள் வருகின்றன. பாலத்தைப் பத்து நிமிடம் தூக்கினால் இருநூறு வண்டிகள் சேரும். பாலம் இறங்கியபின் முப்பது போகும்போதே இருபது புதிதாக வந்து சேர்வதால், நிமிடத்துக்குப் பத்து வண்டிகளே குறையும். இருபது நிமிடத்தில் வரிசை கரைந்துவிடும். இனிக் காலை எட்டு மணியைப் பாருங்கள். நிமிடத்துக்கு இருபத்தேழு வண்டிகள் வருகின்றன. அதே பத்து நிமிடத்தில் சேர்பவை இருநூற்றெழுபது. குறைவதோ நிமிடத்துக்கு மூன்று. வரிசை கரைய ஒன்றரை மணி நேரமாகும்! அதற்கிடையில் இன்னொரு தோணி வந்து மணியடித்தால் நிலைமை என்னாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாலம் திறந்திருக்கும் நேரத்தைவிட அது திறக்கப்படும் வேளையே பெருந்தீங்கு செய்கிறது. அமெரிக்காவில், கலம் வேண்டும்போதெல்லாம் பாலம் திறக்க வேண்டுமென்பது பொது விதியாயிருந்தும், அலுவலக நேரங்களில் சில பாலங்களுக்கு விலக்களிக்கப்படுவது இக்காரணம் பற்றியே.

அப்படியாயின் பொது விதி ஏன் தோணியின் பக்கம் சாய்கிறது? வண்டிக்குத் தடை உண்டு, மிதித்தால் நிற்கும். தோணிக்கு அது இல்லை. நீரோட்டமும் காற்றும் பின்னிருந்து தள்ள, ஒடுங்கிய வாய்க்காலுக்குள் நுழைந்துவிட்ட கலம் நினைத்த இடத்தில் நிற்க மாட்டாது. பாலத்தின் தூணிலே மோதும். மேலும், வண்டிக்கு வேறு வீதி இருக்கலாம். கலத்துக்கு வேறு ஆறு இல்லை. இலண்டன் தேம்ஸ் நதியில் 1894 இல் திறக்கப்பட்ட கோபுரப் பாலத்தில் இன்றும் நதிப் போக்குவரத்துக்கே முதலிடம். ஆயினும் கப்பற்காரர் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். 1997 இல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனின் வாகன வரிசை அப்பாலத்தில் இரண்டாகப் பிரிந்தது. முன்னறிவித்திருந்த பாய்மரப் படகொன்று குறித்த வேளைக்கு வந்து சேர்ந்தமையால் பாலம் தூக்கப்பட்டதாம். எனக்கு அது மிகவும் பிடித்த செய்தி.

இனி, தமிழராகிய நமக்கு நெருக்கமான பாம்பனுக்கு வருவோம். 1914 பெப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் புகையிரதப் பாலம் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. அதன் நடுவே கப்பல் செல்ல 225 அடி நீளமான தூக்குப் பகுதியை அமைத்தனர். ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் முறை அது. இரு இரும்பு இறக்கைகள், பின்புறத்திலுள்ள எதிர்ப்பாரத்தின் துணையால், தொட்டில் ஆடுவதுபோலப் பின்னோக்கி உருண்டு மேலெழும். பாரம் சமமாயிருந்தபடியால் இருபுறமும் ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறந்தார்கள்.

அங்கே இருவரது காலமும் இறுக்கமானது. சென்னையிலிருந்து வரும் போட் மெயில், தனுஷ்கோடியில் தலைமன்னார்க் கப்பலைப் பிடித்தாக வேண்டும். பாலத்தின் கீழோ மன்னார் வளைகுடாவுக்கும் பாக்கு நீரிணைக்கும் இடையே நீரோட்டம் பருவக்காற்றுக்கேற்பத் திசை மாறி ஓடும். ஆகவே கலங்கள் அப்பால் நங்கூரமிட்டுத் துறைமுக அலுவலரின் அனுமதிக்குக் காத்திருக்க, புகையிரதமில்லாத இடைவேளை பார்த்துப் பாலம் திறக்கப்படும். தனித்தனியாகத் திறப்பதில்லை. வழியைத் தடுக்கவும் தூக்கவும் இறக்கவும் எட்டு நிமிடமும், ஒரு தோணி செல்ல இரண்டு நிமிடமும் ஆகுமென்றால், ஐந்து தோணிகளுக்குத் தனித்தனியே ஐம்பது நிமிடம். சேர்த்து அனுப்பினால் பதினெட்டே நிமிடம். எனவே கப்பலொன்றுக்குப் பாலம் திறந்தால், மீன்பிடி வள்ளங்களும் அதன்பின் வரிசையாய் நுழைந்து செல்லும்.

எனது தாய்மாமன் குடும்பம், 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒன்று. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்களைக் கண்டிப் புகையிரத நிலையத்தில் வழியனுப்பினோம். அந்த வண்டியை மலையகத்து மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். பெயருக்கேற்ற ஓலத்தை அன்று என் காதால் கேட்டேன். தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ என்னும் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மாமனின் முதற்கடிதத்தில், மண்டபம் செல்லும் வண்டி பாம்பனில் நெடுநேரம் நிறுத்தப்பட்ட செய்தி இருந்தது. பாலம் வானை நோக்கித் திறந்திருக்க, தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போயினவாம். வண்டியிலிருந்த பலர் முணுமுணுத்தார்களாம். மாமிமட்டும், பாலம் இறங்காமலே இருந்தால் திரும்பிப் போய்விடலாமோ என்று கேட்டாளாம்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலமும் பெரிதும் சிதைந்தது. ஆனால் தூக்குப் பகுதி நிலைத்து நின்றது. நாற்பத்தாறு நாட்களில் பாலம் சீர்செய்யப்பட்டது. 1988 இல் அருகே உயர்ந்த வீதிப் பாலம் எழுந்தபின், பஸ்ஸுக்கும் தோணிக்கும் அங்கே வழக்கில்லை. ஒன்றன்கீழ் ஒன்று செல்கின்றது. புகையிரதம் செங்குத்தாய் ஏறமாட்டாதாகையால் அதற்கு அந்தச் சலுகை வாய்க்கவில்லை. பழைய பாலத்தின்மேல் புகையிரதம் ஓடுவது 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீற்றர் நீளமான பகுதி, கிணற்றுவாளிபோல் நேர்மேலாக 17 மீற்றர் உயர்கிறது. முன்பு கையால் அரை மணிக்கு மேலான வேலை இப்போது மின்விசையால் ஐந்தாறு நிமிடத்தில் முடிகிறது. முன்பு பொருந்தாதிருந்த சிறிய இடைவேளையும் இனிப் பயன்படும்.

ஓடமும் ஒருநாள் வண்டியிலேறும் என்பது நம்மவர் பழமொழி. வினாவெழுப்பிய மாணவனுக்கு இவ்வளவையும் கூறிக் கணக்கையும் எழுதிக் காட்டினேன். அவன் சற்று யோசித்து, “அப்படியென்றால் ஐயா, கோச்சியைக் காலை எட்டு மணிக்கு விடாமல் ஒன்பது மணிக்கு விடலாமே” என்றான். அந்தக் கோச்சியில்தான் அவனுடைய ஆசிரியர் இருவர் வருகிறார்கள் என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.