ஸ்பெயினில் ஒரு வாரம் ஃப்ரீயா? இங்கிலீஷ் வாலண்டியர் பயணத்தோட உண்மையான கணக்கு

"ஸ்பெயினுக்குப் போங்க, ஸ்பானிஷ்காரங்ககிட்ட இங்கிலீஷ் பேசுங்க, சாப்பாடும் ரூமும் ஃப்ரீ"ன்னு ஒரு ரீல் உங்க கண்ணுலயும் பட்டிருக்கலாம். இப்படி ஒரு விஷயம் நிஜமாவே இருக்கு. ஆனா அந்த "ஃப்ரீ" எதுவரைக்கும்னு பார்த்துட்டுத்தான் ஆபீஸ்ல லீவு கேக்கணும்.

இது எப்படி நடக்குது?

2001-ல் ஸ்பெயினின் சோரியா மாகாணத்தில், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு சீரமைக்கப்பட்ட வால்டெலவிய்யா என்ற கிராமத்தில் 'புவெப்லோ இங்லேஸ்' தொடங்கியது. 'ஆங்கிலக் கிராமம்'னு அர்த்தம். பிறகு 'வான்டவுன்' மாதிரி நிகழ்ச்சிகளும் வந்தன. ஸ்பானிஷ்காரர்கள் கட்டணம் கட்டி வருவாங்க. பலருக்கு அவங்க கம்பெனியே கட்டும். காலை டிஃபன்ல இருந்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் இங்கிலீஷ் மட்டும்தான், ஸ்பானிஷ் பேசக் கூடாது. கூடவே பேசுற வாலண்டியருக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், மாட்ரிட்ல இருந்து பஸ், இவ்வளவுதான்.

இங்க ஒண்ணு கவனிங்க. அங்க கத்துக்கிறது அவங்க, கொடுக்கிறது நீங்க. சரளமா பேசுறவங்களைத்தான் எடுப்பாங்க. "என் இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆகணும்"னு போறவங்களுக்கு இது சரியான இடம் இல்லை.

செலவுக் கணக்கு

சிட்லபாக்கத்துல இருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கம்தான். அதுக்கு அப்புறம் வர்றதுதான் செலவு. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். டிக்கெட் விலை சீசனுக்கு ஏத்த மாதிரி மாறும்.

- விமான டிக்கெட், போக வர: ரூ.65,000
- ஷெங்கன் விசா (90 யூரோ), சர்வீஸ் கட்டணம்: ரூ.11,000
- டிராவல் இன்ஷூரன்ஸ் (குறைஞ்சது 30,000 யூரோ கவர் கட்டாயம்): ரூ.2,000
- மாட்ரிட்ல 2 ராத்திரி, சாப்பாடு, மெட்ரோ: ரூ.15,000
- கைச்செலவு: ரூ.7,000

மொத்தம் 1 லட்சம் ரூபாய். லீவு பேலன்ஸ் இல்லைன்னா இன்னும் ஏறும். 35,000 ரூபாய் சம்பளத்துக்கு 6 நாள் லாஸ் ஆஃப் பே போனா, அதுவே 7,000.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி

1. விசா கிடைக்கலைன்னா கட்டின ஃபீஸ் திரும்பி வராது. அதனால கேன்சல் பண்ணா பணம் திரும்ப வர்ற டிக்கெட்டா பாருங்க.
2. பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப், ஐடிஆர், ஆபீஸ் லீவு லெட்டர் எல்லாம் கேப்பாங்க. கடைசி வாரத்துல ஃப்ரெண்ட்கிட்ட வாங்கி அக்கவுன்ட்ல போட்ட பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.
3. நடத்துறவங்ககிட்ட அழைப்புக் கடிதம் வாங்குங்க. இந்தியப் பாஸ்போர்ட்ல வர்றவங்களை எடுக்கிறாங்களான்னு முதல்லயே கேளுங்க. விசா ஃபார்ம்ல பயண நோக்கத்தை மறைக்காதீங்க.

அப்போ போகலாமா?

ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கணும். கிரெடிட் கார்டு பாக்கி இருக்கக் கூடாது. இது ரெண்டும் ஓகேன்னா, மாசம் 10,000-னு 10 மாசம் ஆர்டி போடுங்க, சந்தோஷமா போயிட்டு வாங்க. பர்சனல் லோன் எடுத்துப் போற பயணம் மட்டும் வேண்டாம். ஒரு வாரப் பேச்சுக்கு மூணு வருஷம் இஎம்ஐ கட்டுற மாதிரி ஆயிடும்.

இங்கிலீஷ் பேசிப் பழகுறதுதான் நோக்கம்னா, ஆபீஸ் மீட்டிங்ல தினமும் ரெண்டு நிமிஷம் நீங்களே வாயைத் திறங்க. அதுக்கு விசா வேண்டாம்.