மொட்டைப் பாறையே கோபுரம்

மலையுச்சியில் காட்சிக் கோபுரம் எதற்கு? இன்னும் வெகுதூரம் தெரியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் அப்படியில்லை. கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 36 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே 10 மீட்டர் கோபுரம் கட்டி ஏறினாலும் கூடுவது 2 கிலோமீட்டருக்கும் குறைவு. மரங்களின் தலைக்கு மேல் நம்மைத் தூக்கிவிடுவதுதான் கோபுரத்தின் உண்மையான வேலை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கேரள-தமிழக எல்லைக் கிராமங்களைச் சுற்றியுள்ள சிறு மலைகளில் அந்த வேலையைப் பாறையே செய்துவிடுகிறது. உச்சியில் மண் நிற்காததால் பெருமரமும் நிற்பதில்லை. ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபுறம் அரபிக்கடல். இரண்டும் நெருங்கி வரும் நிலம் இது.

முதல்முறை ஏறுபவருக்கு நான் சொல்வது சிதறால் மலை. பாறசாலையிலிருந்து களியக்காவிளை வழியாக எல்லை தாண்டி மார்த்தாண்டம் போனால், அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர். கல் பாவிய நடைபாதை, வழியெங்கும் மரநிழல். பிள்ளைகளும் பெரியவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். மேலே, கவிந்து நிற்கும் பெரும்பாறைக்கு அடியில் 9-ஆம் நூற்றாண்டுச் சமணப் பள்ளி. பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பார்சுவநாதர், பத்மாவதி, அம்பிகை உருவங்களும் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் இங்கேதான் இருக்கிறது. பிற்காலத்தில் இது பகவதி கோயிலானது. பழம்பெயர் திருச்சாரணத்துமலை. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சிற்பங்களைத் தொடாமல், பாறையில் பெயர் கீறாமல் பார்த்துவிட்டு வருவது நம் கடமை. சுனையைத் தாண்டிப் பாறைமேல் நின்றால் தென்னையும் ரப்பரும் கலந்த பச்சை, நடுவே குழித்துறைத் தாமிரபரணி. வானம் தெளிந்திருந்தால் கடலும் தெரியும்.

இன்னும் செங்குத்தாக ஏற விரும்புபவர்களுக்கு நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வெள்ளறடையில் குருசுமலை இருக்கிறது. 1957-இல் தொடங்கிய தவக்கால யாத்திரைக்கு இரு மாநிலத்தாரும் வருகிறார்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி நாட்களில் கூட்டம் அலைமோதும். காட்சிக்காக மட்டும் போவோர் வேறு நாள் பார்க்கலாம். அருகிலேயே, பத்துகாணிப் பக்கம் காளிமலை. சித்ரா பௌர்ணமிப் பொங்கலுக்குப் பெண்கள் திரளாக ஏறுகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்து, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்குப் போனபோது எல்லைக்கோடு இந்த மலைகளின் ஓரமாகப் போயிற்று. மலையேறும் பக்தர்களுக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே அல்ல.

எப்போது போவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விடிந்ததும் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது நல்லது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை இங்கே வழக்கம். மரமில்லாத உச்சியில் நிற்கும் மனிதர்தான் அப்போது அங்கே உயரமான பொருள். அதனால் கிழக்கே மேகம் கறுத்தாலே இறங்கத் தொடங்க வேண்டும். தனிமரத்தடியில் ஒதுங்கக் கூடாது. தென்மேற்குப் பருவமழையில் பாசி பிடித்த பாறை வழுக்கும். மழை ஓய்ந்து தூசி அடங்கிய டிசம்பர், ஜனவரிக் காலைகளில்தான் மலையும் கடலும் சேர்ந்து தெளிவாகத் தெரியும்.