நடைக்குப் போகும் பெண்ணுக்குக் கேன்வாஸ் ஷூ

வெள்ளை கேன்வாஸ் ஷூ என்றதும் பள்ளிக்கூட டிரில் வகுப்புதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். படிப்பு முடிந்ததோடு அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செருப்புக்கு மாறிய பெண்கள் தஞ்சை வட்டாரத்தில் ஏராளம். நாற்பதைத் தாண்டி, சர்க்கரை என்றோ பிரஷர் என்றோ டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு மறுபடி ஷூ தேடிக் கடைக்கு வருகிறார்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். பாதை தயார், காலில் என்ன போடுவது? விலை குறைவு, எடை குறைவு, காற்றோட்டம் என்று பார்த்தால் கேன்வாஸ் ஷூ நல்ல தேர்வு. ஆனால் நம் டெல்டாவில் அதை வாங்குவதற்கும் வைத்துக் காப்பதற்கும் கொஞ்சம் விவரம் வேண்டும்.

மேலே கெட்டியான பருத்தித் துணி, கீழே ரப்பர். அமைப்பு இவ்வளவுதான். இங்கிலாந்தின் கடற்கரைகளில் 19-ஆம் நூற்றாண்டில் விடுமுறைக்கு வந்தவர்கள் மணலில் நடக்கப் போட்ட காலணி இது. நம் நாட்டில் இதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது பாட்டா. கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகரில் தொழிற்சாலை வைத்த அந்த நிறுவனம், 1936-ல் மாணவர்களின் உடற்பயிற்சி வகுப்புக்கென்றே ஒரு டென்னிஸ் ஷூவை வடிவமைத்தது. அதன் சாயல்தான் இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான ஜோடிகளில் இருக்கிறது.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் போய்விடும் என்று 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். பஞ்சர் கடைப் பலகைகளில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது இந்த வேலையைத்தான். நல்ல கேன்வாஸ் ஷூவில் துணியையும் அடியையும் பிணைப்பதும் இதுவே. அச்சில் மாட்டிய துணியின் கீழே ரப்பர் அடியை ஒட்டி, இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டையை ஓட்டி, 100 டிகிரிக்கு மேல் சூடேறிய அடைப்புக் கலனுக்குள் வேக வைக்கிறார்கள். வெந்து வரும்போது அடி, பட்டை, பசை மூன்றும் ஒன்றாகிவிடும். மலிவு ரகங்களில் இந்த வேலை கிடையாது, உருக்கிய பி.வி.சி.யைத் துணியோடு அச்சில் வார்த்துவிடுவார்கள். பளபளக்கும், பிளாஸ்டிக் வாசம் வரும், மடக்கினால் விறைப்பாக எதிர்க்கும். ஈர மொசைக் தரையில் அது வழுக்கும் என்பதால், வயதான பெண்களுக்கு அந்த ரகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தஞ்சையில் கீழவாசலிலோ காந்திஜி சாலையிலோ கடைக்குப் போகும்போது சாயங்காலமாகப் போங்கள். பகலெல்லாம் நின்ற கால் அப்போதுதான் அதன் முழு அளவில் இருக்கும். வீட்டிலேயே ஒரு தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதைக் கத்தரித்துக் கையோடு எடுத்துப் போங்கள். ஷூவின் அடியை அந்தத் தாள் மேல் வைத்தால், பக்கவாட்டில் தாள் எட்டிப் பார்க்கக் கூடாது. இது மிக முக்கியம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் அகலமாக இருக்கும். தென்னிந்தியர்களின் கால்களை அளந்து பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட கட்டுரையும் இதையே காட்டியது. வரப்பிலும் வாசலிலும் வெறுங்காலாக நடந்து வளர்ந்த நம் பெண்களுக்கு, 'லேடீஸ்' வரிசையின் ஒடுக்கமான அச்சு சுண்டுவிரலை நசுக்குகிறது. ஆண்கள் வரிசையில் அதே எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள், கூச்சமே வேண்டாம். கடைக்காரர் 'போடப் போட லூசாயிடும்மா' என்பார். தோல் இளகிக் கொடுக்கும். கேன்வாஸ் அவ்வளவு கொடுக்காது. எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும்.

கயிறு கோக்கும் வளையங்களையும் பாருங்கள். சின்னக் காந்தம் ஒன்றைக் காட்டினால் போதும். ஒட்டிக்கொண்டால் இரும்பு, ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து வெள்ளைத் துணியைப் பழுப்பாக்கிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம். கோயில், வீடு, ஆஸ்பத்திரி என்று பத்து இடத்தில் கழற்றி மாட்டுபவர்களுக்குக் கயிறில்லாமல் பக்கத்தில் எலாஸ்டிக் வைத்த ரகம் வசதி. எலாஸ்டிக் சூட்டில் தளர்ந்துபோகும் என்பதால் பெரிய கோயில் வாசலில் விடும்போது நிழல் பார்த்து விடுங்கள்.

கேன்வாஸ் ஷூவில் மெத்தை அதிகம் கிடையாது. தினம் 2, 3 கிலோமீட்டர் நடைக்குப் போதும். 8 கிலோமீட்டர் நடப்பவர்களும், காலையில் எழுந்ததும் குதிகால் வலிப்பவர்களும் மெத்தை வைத்த ஓட்ட ஷூவுக்குப் போவதே நல்லது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த ஷூவும் வாங்க வேண்டாம்.

டெல்டாவில் இந்த ஷூவுக்கு எதிரி ஈரம்தான். அடியைச் சுற்றிய பட்டை உயரம் வரைக்கும்தான் தண்ணீர் தாங்கும், அதற்கு மேலே வெறும் துணி. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்தால் இரண்டு நாளானாலும் உள்ளே காயாது. நடவுக்குப் போய்ச் சேற்றுப்புண் வந்த விரலிடுக்கோடு ஈர ஷூவைப் போட்டால் புண் ஆறவே ஆறாது. அந்தப் புண்ணில் வளரும் பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் போதும். புண் ஆறும்வரை ஷூவைத் தொடாதீர்கள். மற்ற நாளில் விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, துவைத்த பருத்தி சாக்ஸோடு போடுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து ஒன்று விட்டு ஒன்று.

வண்டல் சேறு பட்டால் உடனே தேய்க்கக் கூடாது. அந்தக் களிமண் மிகப் பொடியானது. ஈரத்தில் தேய்த்தால் நூலிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். முழுக்கக் காயவிட்டுத் தட்டினால் முக்கால்வாசி உதிரும். மிச்சத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சோப்பு நுரை தொட்டுத் தேயுங்கள். கயிற்றையும் உள்ளே இருக்கும் அட்டையையும் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றினால் துணி சுருங்கும், பசை விடும். குளோரின் பிளீச்சும் ஆகாது. அது பருத்தியை நைந்துபோக வைக்கும், இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரோடு சேர்ந்தால் கறையையும் ஏற்றும். துருக்கறைக்கு எலுமிச்சம்பழச் சாறு தடவிக் கொஞ்சம் பொறுத்து அலசுங்கள். அதிலுள்ள அமிலம் இரும்பைக் கரைத்து எடுத்துவிடும்.

துவைத்துக் காய்ந்த வெள்ளை ஷூ மஞ்சளடிப்பதுதான் பலர் சொல்லும் குறை. தங்கிப்போன சோப்புக் காரம்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு ஷூ முழுக்க வெள்ளை டிஷ்யூ தாளை ஈரத்தோடு ஒட்டி, நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். ஈரம் துணியிலிருந்து தாளுக்கு ஏறி அங்கிருந்து ஆவியாகும். கரைந்த அழுக்கும் அதோடு மேலேறித் தாளில் நின்றுவிடும். காய்ந்த பின் தாளை உரித்தால் மஞ்சள் அதில் இருக்கும். உள்ளே திணிக்கவும் வெள்ளைத் தாளே வேண்டும், செய்தித்தாள் மை ஒட்டும்.

ரப்பருக்கு ஆகாதது எண்ணெய். காலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்கும் பழக்கமிருந்தால் ராத்திரியில் தேய்த்துக் காலையில் கழுவிவிட்டு ஷூ போடுங்கள். பெருவிரல் மடங்கும் இடத்தில் பட்டை வாய் திறந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் ரப்பர் கரைசல்தான். இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, மெல்லப் பூசி, தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டாத பதத்துக்கு உலரவிட்டு, அழுத்திப் பிடித்து, ஓர் இரவு கல்லை ஏற்றி வையுங்கள். அடியின் வரிகள் தேய்ந்து வழவழப்பானால் மட்டும் புதுசு வாங்குங்கள். ஈரத்தரையில் பிடிப்பில்லாத அடியோடு நடப்பது ஆபத்து.